முப்பத்தெட்டு நொடி

எங்கள் திரையில் வேலூர் கிடையாது.
கறுப்பில் ஒரு சின்ன முக்கோணம்,
எந்த மொழியிலும் பொருளில்லாத
ஐந்தெழுத்துப் பெயர் அதற்கு.
அவ்வளவுதான் இந்த ஊர்.

இப்போது அந்த முக்கோணத்துக்கு நேர் கீழே இருக்கிறேன்.
ஆஸ்பத்திரிக்குப் பின்தெரு லாட்ஜ்,
வங்காளக் குடும்பங்கள் துணி காயப்போடும் மொட்டைமாடி.
மைத்துனன் பரந்தாமனுக்குக்
கல்லீரலில் கத்தி வைத்து நான்கு நாள்.
எனக்கு விசாரணை முடியும்வரை லீவு.
"நல்லதாப் போச்சு, ஆள் கிடைச்சீங்க" என்கிறாள் சுகந்தி.
வாளி, பிளாஸ்க், ரத்தச் சீட்டு,
எல்லாம் நான்தான் தூக்குகிறேன்.

சாயங்காலம் மலைக்கு மேல்
இரண்டு வெள்ளைக் கோடு ஒன்றையொன்று வெட்டியது.
"அண்ணே, இடிக்கப் போவுது!"
கத்தினான் ரூம் பாய் முனாஃப்.
இல்லடா, நடுவில் ஆயிரம் அடி இருக்கு.

அன்று அந்த ஆயிரம் அடி இல்லை.
ஒன்று நாலு ஒண்ணு ஏழு.
இன்னொன்று நாலு ஏழு ஒண்ணு.
இதற்குச் சொல்ல வேண்டிய இறக்கத்தை
அதற்குச் சொன்னேன்.
நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும் என்பார்கள்;
என்னுடையது இரண்டு எண்ணுக்கு நடுவில் புரண்டது.

திரை சிவந்தது.
திருத்த வாயைத் திறந்தேன்.
அதற்குள் ஒரு பெண் குரல்,
தெலுங்கு வாடை அடிக்கும் இங்கிலீஷில்:
"டீகாஸ் ஆர்ஏ."

அந்த வார்த்தை வந்துவிட்டால் நான் பேசக் கூடாது.
மனிதன் ஒன்று சொல்லக் கருவி வேறு சொல்ல
எங்கோ ஒரு தேசத்து இரவில்
பிள்ளைகளோடு விழுந்ததன் பின் இறுகிய விதி.
இனி இரண்டு பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளும்,
காதுக்கு எட்டாத அலையில்:
நீ மேலே போகிறாயா,
சரி, நான் கீழே.
யார் பெரிய கம்பெனி, யார் முதலில் வந்தது,
கேட்காது.
பேச்சு முட்டிக்கொண்டால்
சின்ன எண்ணுள்ள பெட்டி சொன்னதே சொல்.

முப்பத்தெட்டு நொடி.
பித்தானை அமுக்கிவிடுமோ என்று
கையைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்திருந்தேன்.
ராடார் எப்போதும் கொஞ்சம் முந்திய நிமிஷத்தையே காட்டும்;
புள்ளிகள் இரண்டும் ஒன்றாகி
அப்படியே நின்றன.
பக்கத்து மேசை தேவசகாயம் தோளில் கை வைத்தான்.
எடுத்துவிட்டான்.

"கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்" என்றாள்,
பஸ்ஸைவிட்டு இறங்கியவள் மாதிரி.

அறிக்கை சொல்கிறது:
இடைவெளி இருநூற்று நாற்பது அடி.
காயம் இல்லை.
பதினான்காம் வரிசையில் ஒருவர் சட்டையில் டீ கொட்டி
சலவைக் காசு கேட்டு எழுதியிருக்கிறார்.
அந்தக் கடிதத்தைத்தான்
நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நேற்று சுண்ணாம்புக்காரத் தெருவில்
என் ஆட்டோவும், பிரியாணி அண்டா ஏற்றிய குட்டியானையும்
மூக்கோடு மூக்கு.
"நீ பின்னால போ." "ஏன், நீ போயேன்."
பின்னால் ஏழு வண்டி, ஏழு ஹாரன்.
டிரைவர் திரும்பினார்:
"நீங்களே சொல்லுங்க சார், யார் மேல தப்பு?"
வாயைத் திறந்தேன்.
மூடிக்கொண்டேன்.
பிளாஸ்க்கில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.
காசைக் கொடுத்துவிட்டு இறங்கி நடந்தேன்.

ராத்திரி மாடியில் சுகந்தி கேட்டாள், முதல் தடவையாக:
"எந்த இடத்துல?"
கையை மேலே காட்டினேன்.
"அந்தத் தண்ணித் தொட்டிக்கு மேலயா?"
அதுக்கும் மேலே. ரொம்ப மேலே.
எத்தனை மணி என்றாள். சொன்னேன்.
"நாங்க ஓ.பி. வரிசையில நின்னுட்டிருந்தோம்.
டோக்கன் நூத்திப் பதினொண்ணு.
தம்பிக்கு வெயில் தாங்கல."

பிறகு அவள் பேசவில்லை.
ஒரு விளக்கு மினுங்கிக்கொண்டு கிழக்கே போனது.
எதிரே இன்னொன்று வரவேண்டும்.
கொடிக்கயிற்றைப் பிடித்தபடி
அண்ணாந்து நின்றோம் இருவரும்.